ஊசியும் சந்ததியும்

செட்டிநாட்டில் மணமான ஆண் ஒவ்வொருவரையும் ஒரு 'புள்ளி' என்று கணக்கிடுவது நகரத்தார் வழக்கம். கோயில் வரி அந்தப் புள்ளிக் கணக்கின்படியே விழும். புள்ளி தழைக்க வேண்டும். தழையாவிட்டால் தம் கோயிலைச் சேர்ந்த பங்காளி வீட்டிலிருந்து பிள்ளை கூட்டிக் கொள்ள வேண்டும். ஆகவே காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் 'ஏதும் விசேஷம் உண்டா?' என்ற கேள்விக்கு இருக்கும் கூர்மை வேறு எதற்கும் கிடையாது. அக்கேள்வி யாரை நோக்கிக் கேட்கப்படுகிறது என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. மருமகள்தான் பதில் சொல்ல வேண்டும். மருமகள்தான் விரதம் இருக்க வேண்டும்.

அந்தப் பழைய சங்கடத்தோடு இப்போது புதிய சங்கடம் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. ஆண்மையை வளர்க்கும் என்று நம்பிக் கணவன் போட்டுக் கொள்ளும் டெஸ்டோஸ்டிரோன் ஊசியே சந்ததியைத் தடுத்துவிடுகிறது. குடும்பத்தார் படிக்கும் பக்கத்தில் இந்த விஷயத்தை எழுதலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். தாது புஷ்டி லேகிய விளம்பரங்களைத் தலைமுறை தலைமுறையாகப் படித்து வந்தவர்கள் நாம். 1954-ம் வருஷத்துச் சட்டம் அவற்றைத் தடை செய்த பிறகும் அவை முற்றும் ஒழிந்தபாடில்லை. விளம்பரத்துக்கு இல்லாத கூச்சம் விளக்கத்துக்கு மட்டும் எதற்கு?

இழந்த வாலிபத்தைத் திரும்பப் பெறும் ஆசை மிகப் பழையது. 1889-ல் பாரிஸ் நகரத்தில் பிரவுன்-செக்கார் என்ற எழுபத்திரண்டு வயது விஞ்ஞானி, நாயின் விரைச் சாற்றைத் தம் உடலிலேயே ஏற்றிக் கொண்டு, புதிய பலம் வந்துவிட்டதென்று சபையில் அறிவித்தார். அந்தச் சாற்றில் மருந்தென்று சொல்லத்தக்க அளவு எதுவும் இருந்திராது என்பது பின்னால் தெரிந்தது. நம் நாட்டிலும் 1938-ல் பண்டித மதன் மோகன் மாளவியா காயகல்ப சிகிச்சை செய்து கொண்டதைப் பத்திரிகைகளெல்லாம் எழுதித் தீர்த்தன. அதற்குச் சற்று முன், 1935-ல், ஆம்ஸ்டர்டாமில் டெஸ்டோஸ்டிரோனைத் தனியே பிரித்தெடுத்தார்கள்; அதே ஆண்டில் அதை இரசாயன சாலையிலும் செய்து விட்டார்கள். லேகியத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இது உண்மையாகவே வேலை செய்யும் மருந்து. தொல்லையும் அதனால்தான்.

சுரப்பு மெய்யாகவே குறைந்தவர்களுக்கு இம்மருந்தினால் ஆசையும் தெம்பும் திரும்புவதுண்டு. ஆனால் உடம்பின் நிர்வாகத்தைக் கவனிக்க வேண்டும். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, ஊரிலிருந்து பர்மாக் கடைக்குக் கடிதம் எழுதும் முதலாளியைப் போன்றது. அதன் கடிதம் வந்தால்தான் விரைகள் வேலை செய்யும். வெளியிலிருந்து சரக்கு வந்து குவிந்தால் முதலாளி கடிதத்தை நிறுத்தி விடுகிறார், கடை மூடப்படுகிறது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் நிறைந்திருக்கும். விரைக்குள்ளோ விந்தணு உண்டாவதற்கு வேண்டிய அளவு இராது. விரைகள் சுருங்கவும் செய்யும். உலக சுகாதார ஸ்தாபனம் 1990-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசியை ஆண்களுக்கான கர்ப்பத்தடையாகவே சோதித்துப் பார்த்தார்கள் என்றால் வேறென்ன சொல்ல வேண்டும்?

இத்தகைய கர்ப்பத்தடைச் சோதனைகளைத் தொகுத்து 2006-ல் வெளியான கணக்கு ஆறுதல் தருகிறது. ஊசியை நிறுத்திய பின் ஆறு மாதத்தில் நூற்றுக்கு 67 பேருக்கும், ஒரு வருஷத்தில் 90 பேருக்கும் விந்தணு எண்ணிக்கை போதிய அளவுக்குத் திரும்பியது. எஞ்சியவர்களுக்கு இரண்டு வருஷம் வரை சென்றது. இவர்கள் முன்பு குறையில்லாதவர்கள் என்பதை மறக்கலாகாது. தேகாப்பியாச சாலையில் யாரோ சொன்ன அளவில் வருஷக்கணக்காக ஏற்றிக் கொண்டவருக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. திடீரென்று நிறுத்தினால் சில மாதங்கள் ஆசையே அற்றுப் போய் மனமும் சோர்வதுண்டு. அந்தச் சோர்வுக்குப் பயந்தே மறுபடியும் ஊசிக்குப் போகிறார்கள். வைத்தியரிடம் ஒளிக்காமல் சொன்னால், விரைகளைத் தூண்டும் எச்.சி.ஜி. ஊசியோ குளோமிஃபீன் மாத்திரையோ கொடுத்து அவர் உதவக் கூடும். குழந்தை வேண்டுமென்பவருக்கு டெஸ்டோஸ்டிரோனைத் தொடங்காமல் இருப்பதே முறை.

வேறு சில விஷயங்களும் உண்டு. காலை வேளையில் இரண்டு தனித்தனி நாட்களில் இரத்தம் பரிசோதிக்காமல் 'சுரப்புக் குறைவு' என்று முடிவு கட்டக் கூடாது. நீரிழிவினால் இரத்தக் குழாயும் நரம்பும் கெட்டு விறைப்புக் குறைந்தவருக்கு இந்த ஊசி பெரிதாக ஒன்றும் செய்யாது. அதற்கு வேறு மருந்துகள் இருக்கின்றன. ஊசி போடுகிறவருக்கு மார்பு பருத்து வலித்தால் வைத்தியரிடம் காட்ட வேண்டும். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு நூற்றுக்கு 54-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்தி வைப்பது வழக்கம். விறைப்பு நான்கு மணி நேரத்துக்கு மேல் தணியாவிட்டால், நள்ளிரவாயினும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வெட்கப்பட்டுக் காத்திருந்தால் உறுப்பு நிரந்தரமாகக் கெடும். தோளில் தடவும் களிம்பாக இம்மருந்து வருவதுமுண்டு. அதைத் தடவிக் கொண்டு குழந்தையைத் தூக்கினால் குழந்தையின் உடம்பிலும் ஏறி, பருவத்துக்கு முந்திய மாறுதல்களை உண்டாக்குகிறது. அமெரிக்க சர்க்கார் 2009-லேயே இது குறித்துக் கடும் எச்சரிக்கை அச்சிடச் செய்தது. தடவிய இடத்தைத் துணியால் மூட வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்.

ஆச்சிமார்களுக்கு ஒரு வார்த்தை. மருமகளை மதுரைக்கு வைத்தியத்துக்கு அழைத்துப் போகுமுன் மகனுடைய விந்துவைச் சோதிக்கச் சொல்லுங்கள். அது சிறிய சோதனை. ஒரே நாளில் முடிவது. கத்தியும் இல்லை, மயக்கமும் இல்லை. ஊசி ஏதாவது போட்டுக் கொள்கிறானா என்று அவனிடம் கேட்பதற்கோ அந்தச் செலவுகூடக் கிடையாது.