அந்த மூச்சு வாங்குறவர்



‘டூயட்’ என்றாலே நமக்கு மரத்தைச் சுற்றி ஓடும் கதாநாயகன், கதாநாயகிதான். பாலசந்தர் 1994இல் அதே பெயரில் ஒரு படம் எடுத்தார். நம்மில் பலர் சாக்சபோனைக் காது கொடுத்துக் கேட்டது அதில்தான். ரஹ்மான் இசையில் வாசித்தவர் கத்ரி கோபால்நாத். மங்களூர்ப் பக்கத்து நாதஸ்வரக்காரரின் மகன். மைசூர் அரண்மனை பேண்டில் அந்த வாத்தியத்தைப் பார்த்து மயங்கி, கர்நாடக சங்கீதத்தை அதற்குள் இறக்கியே தீருவேன் என்று நின்றவர்.

அவரும் அமெரிக்க ஜாஸ் கலைஞர் ருத்ரேஷ் மஹந்தப்பாவும் ஆளுக்கொரு ஆல்ட்டோ சாக்சபோனோடு வாசித்த ‘கின்ஸ்மென்’ இசைத்தொகுப்பு 2008இல் வந்தது. பின்னால் மிருதங்கம், வயலின், டிரம்ஸ் என்று ஒரு கூட்டமே உண்டு. இருந்தும் என் காது இந்த இருவரை விட்டு நகரவில்லை. பிறகு இருவர் மட்டும் வாசிப்பவற்றைத் தேட ஆரம்பித்தேன். மஹந்தப்பாவும், தமிழ்ப் பெற்றோருக்கு அமெரிக்காவில் பிறந்த பியானோ கலைஞர் விஜய் ஐயரும் சேர்ந்து செய்த ‘ரா மெட்டீரியல்ஸ்’ (2006) அப்படித்தான் கிடைத்தது. கொஞ்சம் கடினமான சரக்கு. சாப்பிட்ட கையோடு கேட்காதீர்கள்.

இவற்றை நான் கேட்பது வெள்ளிக்கிழமைகளில். மலேசியாவின் கெடா மாநிலத்தில் எங்களுக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும். தொழுகை நேரத்தில் திகாம் பத்து கடைத்தெரு அடங்கிவிடும். செம்பனைக்கு மேல் மழை இருட்டிக்கொண்டு நிற்கும். கோலாலம்பூரிலிருந்து யார் அழைத்தாலும் அந்த இரண்டு மணி நேரம் நான் எடுப்பதில்லை.

போன வெள்ளி ‘பீப்பிள் டைம்’ என்ற ஜாஸ் இசைத்தொகுப்பு ஓடிக்கொண்டிருந்தது. 1991 மார்ச்சில் கோபன்ஹேகனின் மொன்மார்ட்ர் ஜாஸ் கிளப்பில் பதிவானது. ஸ்டான் கெட்ஸின் சாக்சபோன், கென்னி பேரனின் பியானோ, அவ்வளவுதான். தாளம் பிடிக்க டிரம்ஸ் கிடையாது, அடியில் தாங்க பாஸும் கிடையாது. ஒருவர் தடுமாறினால் மற்றவர்தான் ஏந்த வேண்டும்.

அம்மா பக்கத்தில் கங்கோங் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். முப்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். ஜாஸ் என்ற சொல்லே அவருக்குப் புதிது.

“ஏம்ப்பா, ஊதுறவருக்கு மூச்சு வாங்குதே, உடம்புக்கு முடியலையா?”

பாட்டை நிறுத்திவிட்டேன். கெட்ஸுக்கு அப்போது புற்றுநோய் முற்றியிருந்தது. மூன்றே மாதத்தில், ஜூன் 6ஆம் தேதி, இறந்துபோனார். ஒவ்வொரு தனி வாசிப்பும் முடிந்ததும் அவருக்கு மூச்சு வாங்கியதைக் கென்னி பேரனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். பல தடவை கேட்டும் எனக்குப் பிடிபடாதது அம்மாவுக்கு ஒரே தடவையில் பிடிபட்டுவிட்டது.

எப்படியம்மா என்றேன்.

“விடியுறதுக்கு முந்தி இருட்டுல எதப் பாத்து சீவுனோம்? பக்கத்து நிரைக்காரியோட சத்தத்தக் கேட்டுக்கிட்டேதான் சீவணும். சத்தம் நின்னுச்சுன்னா ஒரு குரல் குடுப்போம். பதில் வந்தா அடுத்த மரம். வரலைன்னா ஓடணும், பாம்போ என்னமோ.”

மறுபடி முதலிலிருந்து போட்டேன். இந்த முறை பியானோவை மட்டும் தொடர்ந்தேன். கெட்ஸ் ஓய்கிற இடங்களில் கென்னி பேரன் அவசரப்படவில்லை. தன் முறையை நிதானமாக நீட்டி வாசித்து, அவர் வாத்தியத்தை மீண்டும் உதட்டில் வைக்கும்வரை காத்திருப்பது போலிருந்தது.

இந்த வெள்ளி கீரைக்கட்டோடு அம்மா தானாகவே வந்து உட்கார்ந்தார். கத்ரியைப் போடட்டுமா என்று கேட்டேன்.

“அவரு கெடக்கட்டும். அந்த மூச்சு வாங்குறவரப் போடு.”