கூண்டுக்குள் போக மறுக்கும் லவ் பேர்ட்ஸ்: பழி பறவை மேலா?

சாயங்காலம் ஆனால் போதும், பறவை வளர்க்கும் பல வீடுகளில் ஒரே அமளி. துண்டை வீசிக்கொண்டு ஒருவர், துடைப்பத்தோடு ஒருவர், ஸ்டூல் மேல் ஏறி நின்று ஒருவர். தேடப்படுவது கொள்ளைக்காரன் அல்ல. 30, 40 கிராம் எடையுள்ள ஒரு லவ் பேர்ட்ஸ்!

"திறந்துவிட்டா திரும்ப உள்ளே போகமாட்டேங்குது சார், அவ்வளவு திமிர்" என்று பறவை மேல் புகார் வேறு.

இந்தத் துரத்தலில் உயிரே போய்விடுகிறது. சுற்றுகிற மின்விசிறியில் அடிபடும். கண்ணாடியை வெட்டவெளி என்று நினைத்து மோதும். கொதிக்கிற உலையில் விழுந்தாலும் விழும். ஜன்னல் வழியாகத் தப்பினால் காக்கைக் கூட்டம் சும்மா விடுமா? ஆஸ்திரேலியாவைப் பூர்வீகமாகக் கொண்ட இந்தப் பறவை நம் ஊரில் கூண்டிலேயே பிறந்து வளர்ந்தது. இரை தேடத் தெரியாது.

குற்றவாளி யார்?

நாள் முழுக்கப் பூட்டி வைக்கிறார்கள். பத்து நிமிஷம் திறந்துவிட்டு, கையால் அமுக்கிப் பிடித்து உள்ளே திணிக்கிறார்கள். அப்புறம் கை என்றால் எதிரி, கூண்டு என்றால் ஜெயில் என்றுதானே அதற்குப் படும்? தானாக நடந்து ஜெயிலுக்குப் போகிறவர் யார்?

மொட்டை மாடிப் பாடம்

வடசென்னையில் புறா வளர்க்கும் இளைஞர்களைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். புதுப் புறாவை வாங்கினால் உடனே பறக்கவிடமாட்டார்கள். இடம் பழகும்வரை கூண்டிலேயே வைத்திருப்பார்கள். பறக்கவிடும் முன் தீனி போடமாட்டார்கள். இறங்கி வந்த பிறகுதான் தீனி. விசில் அடித்தால் சாப்பாடு என்று புறாவுக்குத் தெரியும். வானத்தில் வட்டமடித்தது கூண்டில் வந்து இறங்குகிறது. அங்கே துண்டும் இல்லை, துடைப்பமும் இல்லை.

வீட்டுப் பறவைக்கும் இதேதான் வழி. முதலில் மின்விசிறியை நிறுத்துங்கள், ஜன்னலைச் சாத்துங்கள், கண்ணாடியை மூடுங்கள். சாப்பாட்டு நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் திறந்துவிடுங்கள். அதற்குப் பிடித்த தினைக்கதிரைக் கூண்டுக்குள் மட்டும் வையுங்கள். எப்போதும் ஒரே சொல்லால் கூப்பிடுங்கள். உள்ளே வந்ததும் படாரென்று கதவைச் சாத்தாதீர்கள். தின்னட்டும். சில தடவை மறுபடியும் வெளியே விடுங்கள். உள்ளே போனால் ஆட்டம் முடிந்தது என்ற பயம் போய்விடும்.

ஒரு எச்சரிக்கை. பசி போட்டால் படியும் என்று நாள்கணக்கில் பட்டினி போடுவது கொலைக்குச் சமம். சின்னப் பறவை ஒரு நாள் பட்டினியைக்கூடத் தாங்காது. அவசரத்துக்குப் பிடித்தே ஆகவேண்டும் என்றால் விளக்கை அணையுங்கள். இருட்டில் அடங்கி உட்காரும். மெல்லிய துணியால் நெஞ்சை அழுத்தாமல் எடுக்கலாம்.

கிளி ஜோசியம் சரியா?

"ஜோசியக்காரர் கிளி சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தானே உள்ளே போகுதே" என்று சிலர் கேட்கலாம். நெல்லுக்காகப் போகிறது, உண்மைதான். ஆனால் அதன் இறக்கையை வெட்டியிருப்பார்கள். பறக்க முடியாதது திரும்பி வருவது சம்மதம் ஆகாது. தவிர, 1972-ஆம் வருஷத்து வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நம் ஊர்ப் பச்சைக்கிளியைப் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். அதைப் பழக்கும் பேச்சுக்கே இடமில்லை.

பறவை விற்கும் கடைக்காரர்களும் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கூண்டையும் தீனியையும் விற்றுக் காசை வாங்கிப் போட்டுக்கொண்டால் போதுமா? எப்படிப் பழக்குவது என்று இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பினால் என்ன குறைந்துவிடும்? வாங்கித் தரும் பெற்றோரும், துரத்துவது விளையாட்டு அல்ல என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவேண்டும்.

கதவு திறந்திருக்கும்போதே பறவை உள்ளே வந்து உட்கார்ந்தால் அது வீடு. துரத்திப் பிடித்து அடைத்தால் அது லாக்கப்!