வழி சொல்லாத ஓவியங்கள்

சென்ற மாதம் ஒரு ஞாயிறு மாலை. இந்த இதழுக்கு மெய்ப்புப் பார்க்க உட்கார்ந்த இடத்தில் இரண்டு நண்பர்களுக்குள் பேச்சு முற்றிவிட்டது. ஒருவர் ஓவியம் வாங்கிச் சேர்ப்பவர். மாதச் சம்பளக்காரர்தான், ஆண்டுக்கு ஒரு படம், அதையும் தவணையில் வாங்குவார். மற்றவர் பழைய காமிக்ஸ் சேகரிப்பவர். பழைய புத்தகக் கடைகள் நிறைந்த சென்னை மூர் மார்க்கெட் 1985இல் எரிந்ததைச் சொந்த வீட்டுத் துக்கம்போல இன்றும் சொல்வார். காமிக்ஸ் கட்டங்களைப் பார்த்துப் பெரிய ஓவியங்களாக வரைந்த அமெரிக்க ஓவியர் ராய் லிக்டென்ஸ்டைனைப் பற்றித்தான் சண்டை. “ஈயடிச்சான் காப்பி அடித்தவர் படத்துக்கு 16.5 கோடி டாலர். முதலில் யோசித்து வரைந்தவருக்கு என்ன கிடைத்தது?” என்றார் காமிக்ஸ் நண்பர். “செசான் ஆப்பிளை வரைந்தார். ஆப்பிள் மரம் பங்கு கேட்டதா?” என்றார் மற்றவர். மெய்ப்பு அன்று நகரவில்லை. அப்போது எனக்குச் சொல்ல வராததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் லிக்டென்ஸ்டைனுக்கு நியாயம் செய்துவிட வேண்டும். 1961இல் ஒரு டொனால்ட் டக் குழந்தைப் புத்தகத்தின் படத்தை எடுத்து அவர் ‘லுக் மிக்கி’ வரைந்தபோது, நியூயார்க்கில் ஓவியம் என்றாலே உணர்ச்சி கொப்பளிக்கும் தூரிகை வீச்சுதான். அந்த நேரத்தில், கை நடுங்கிய தடம்கூடத் தெரியாமல், அச்சு இயந்திரம் போட்ட படம்போல ஒன்றை வரையத் துணிவு வேண்டும். காமிக்ஸ் கட்டத்தைப் பார்த்துப் பென்சிலில் சிறிதாக வரைந்துகொள்வார். அதை ஒளி பாய்ச்சித் துணியில் பெரிதாக்கி, அங்கேயும் திருத்துவார். மலிவு அச்சில் நிறம் காட்டும் புள்ளிகளை வைக்கத் தொடக்கத்தில் நாய் சீவும் பிளாஸ்டிக் பிரஷைச் சாயத்தில் தோய்த்துப் பார்த்திருக்கிறார். 1962இல் லியோ காஸ்டெல்லி கூடத்தில் நடந்த அவருடைய தனிக் கண்காட்சி, திறக்கும் முன்பே விற்றுப்போனது. இரண்டு வருடம் கழித்து, அமெரிக்காவின் மிக மோசமான ஓவியர் இவர்தானா என்று ‘லைஃப்’ பத்திரிகை தலைப்பிலேயே கேட்டது. வாங்கியவர்களும் திட்டியவர்களும் பார்த்தது ஒரே படங்களைத்தான்.

அவர் என்னதான் மாற்றினார்? பொதுவாகப் பேசினால் இதற்கு விடை கிடைக்காது. ‘மூழ்கும் பெண்’ ஓவியத்தையே எடுத்துக்கொள்வோம். 1963இல் வரைந்தது, ஏறத்தாழ ஐந்தரை அடிச் சதுரம், இப்போது நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மூலம், டி.சி. நிறுவனம் வெளியிட்ட ‘சீக்ரெட் ஹார்ட்ஸ்’ காதல் காமிக்ஸின் 83ஆம் இதழ், 1962 நவம்பர். வரைந்தவர் டோனி அப்ருஸ்ஸோ. அவருடைய படத்தில் பெண் முன்னால் மூழ்கிக்கொண்டிருக்கிறாள். பின்னால், கவிழ்ந்த படகைப் பற்றியபடி அவளுடைய காதலன். தண்ணீரில் அவளுக்குக் கால் பிடித்துக்கொள்கிறது. அவனைக் கூப்பிடுவதைவிட மூழ்கிப்போவதே மேல் என்று நினைக்கிறாள். லிக்டென்ஸ்டைன் படகை வெட்டினார். காதலனை வெட்டினார். கால் பிடித்துக்கொண்டதாக வரும் சொற்களையும் வெட்டினார். அவனுடைய பெயரை மாலிலிருந்து பிராட் ஆக்கினார். மிச்சம் இருப்பது ஒரு முகம், ஒரு கை, கண்ணீர், சுற்றிலும் சுருளும் அலை. ஜப்பானிய ஓவியர் ஹொகுசாயின் அலையை மனத்தில் வைத்ததாக அவரே சொல்லியிருக்கிறார். கால் பிடிப்பு இருந்தவரை அது ஒரு விபத்து. அதை எடுத்த பிறகு அவள் மூழ்குவதற்கு அவளுடைய பிடிவாதத்தைத் தவிர வேறு காரணம் இல்லை. இதை ஈயடிச்சான் காப்பி என்று என்னால் சொல்ல முடியாது. ஈயடிச்சான் காப்பி அடிப்பவன் செத்த ஈயையும் சேர்த்து ஒட்டுவான். இவர் எதை விட்டுவிட வேண்டும் என்று தெரிந்து விட்டிருக்கிறார்.

ஆனால் முகத்தை மட்டும் தனியாகப் பாருங்கள். சாய்ந்த தலை, மூடிய கண், இமையோரம் திரளும் துளி, நெற்றியில் ஒட்டிய ஈர முடியின் வளைவு. இதெல்லாம் அப்ருஸ்ஸோ கண்டுபிடித்தது. கெடு தேதிக்குள் பக்கம் பக்கமாக வரைந்து தள்ள வேண்டிய ஒரு தொழிலில், அழுகிற முகத்தை ஆயிரம் முறை போட்டுப் போட்டு அவருடைய கை கற்றுக்கொண்டது. ஆப்பிள் வாதம் இங்கேதான் உடைகிறது. ஆப்பிளை யாரும் வரையவில்லை, அது காய்த்தது. இந்த முகத்தை ஒரு மனிதர் மேசையில் உட்கார்ந்து மசியால் வரைந்தார். நகரத்துக் குப்பை, விளம்பரப் பலகை, சூப் டப்பா வரிசையில் அதையும் பெயரில்லாத மூலப்பொருளாகச் சேர்த்துவிட்டதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நம்மிடம் இதைப் பேசப் பழைய சொற்கள் இருக்கின்றன. முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நம் இலக்கணக்காரர்கள் பிரித்தார்கள். முன்னோர் நூலின் முடிபைத் தழுவி, வேண்டிய இடத்தில் வேறுபட்டு எழுதுவது வழிநூல். அதை யாரும் இழிவாகச் சொல்லவில்லை. கம்பர் வான்மீகியின் வழியில் பாடுகிறேன் என்று சொல்லிவிட்டே பாடினார். அதனால் அவர் கவிதை ஒரு மாற்றுக் குறைந்ததாக ஒருவரும் கருதவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை இருந்தது. சிறப்புப் பாயிரத்தில் சொல்லியாக வேண்டியவை என்று நன்னூல் எட்டை அடுக்குகிறது. நூல் செய்தவர் பெயர் அதில் முதலாவது. அதற்கு அடுத்ததே வழி, அதாவது இது எங்கிருந்து வந்தது என்பது. நூலின் பெயர்கூட அதற்குப் பிறகுதான். லிக்டென்ஸ்டைன் செய்தவை நல்ல வழிநூல்கள். பாயிரத்தில் வழி மட்டும் விடுபட்டுப்போனது. என் நண்பர்கள் இருவரும் அசலா நகலா என்று மோதிக்கொண்டிருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளித்தான் உண்மையான குறை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

அவரை மட்டும் குற்றம் சொல்லவும் முடியாது. காதல் காமிக்ஸ்களில் பெரும்பாலும் வரைந்தவரின் பெயரே அச்சாகவில்லை. தன் கட்டம் எடுக்கப்பட்டதைக் கண்டு வில்லியம் ஓவர்கார்ட் 1963இல் ‘டைம்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். அவர் நாளிதழ்த் தொடர் வரைந்தவர், அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மற்றவர்களின் பெயர்கள் வெளியே வர வாசகர்கள் உழைக்க வேண்டியிருந்தது. டேவிட் பார்சலோ என்ற ஓவிய ஆசிரியர் பல ஆண்டுகள் பழைய இதழ்களைப் புரட்டி, ஒவ்வொரு ஓவியத்துக்கும் பக்கத்தில் அதன் மூலக் கட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார். லண்டன் டேட் அருங்காட்சியகம் 1966இல் வாங்கிய ‘வாம்!’ ஓவியத்துக்குப் பின்னால் இர்வ் நோவிக் இருக்கிறார். ‘ஆல்-அமெரிக்கன் மென் ஆஃப் வார்’ 89ஆம் இதழில் அவர் வரைந்த கட்டம் அது. அதே இதழில் ரஸ் ஹீத் வரைந்த இன்னொரு கட்டம் ‘ப்ளாம்’ ஓவியமானது. ஹீத் 2014இல், எண்பத்தெட்டு வயதில், இதைப் பற்றி ஒரே ஒரு பக்கச் சித்திரக்கதை வரைந்தார். ஓவியம் கோடிகளுக்கு விற்றதும், முதுமையில் தனக்குச் சாப்பாட்டுக்கு உதவியது நலிந்த காமிக்ஸ் கலைஞர்களுக்கான ஓர் அறக்கட்டளை என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்கின்றன. 2018இல் இறந்துபோனார். அந்தப் பக்கத்தின் கோடுகளில் கை தளரவே இல்லை.

காமிக்ஸ் நண்பருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கோபம் நியாயமானது, ஆனால் அது அவர் வீட்டுக்குள்ளும் திரும்ப வேண்டும். 1938இல் பத்து சென்டுக்கு விற்ற ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழின் ஒரு பிரதி 2024 ஏப்ரலில் 60 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அந்த இதழில் அறிமுகமான சூப்பர்மேனின் உரிமையை, அவனை உருவாக்கிய ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 130 டாலருக்கு எழுதிக் கொடுத்திருந்தார்கள். 1975இல், போராட்டத்துக்குப் பிறகு, ஓய்வூதியமும் பெயர்ப் பதிவும் கிடைத்தபோது ஷூஸ்டருக்குப் பார்வை ஏறத்தாழப் போய்விட்டது. பேட்மேனை உருவாக்கியதில் பெரும் பங்குள்ள பில் ஃபிங்கர் 1974இல் காலமானார். அவர் பெயரை முறையாகச் சேர்த்து அச்சிடத் தொடங்கியது 2015இல். பேட்மேன் முதன்முதலில் தோன்றிய அட்டைப்படத்தின் பாய்ச்சலே அலெக்ஸ் ரேமண்டின் ‘ஃப்ளாஷ் கார்டன்’ கட்டம் ஒன்றிலிருந்து எடுத்ததுதான். ஜாக் கிர்பி, தான் வரைந்த மூலப் பக்கங்களைத் திரும்பப் பெறவே 1980களில் ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. இன்றைக்கு அப்படிப்பட்ட மூலப் பக்கங்களுக்கு இருக்கும் விலை வேறு: மைக் ஜெக் வரைந்த ஸ்பைடர்மேன் பக்கம் ஒன்று 2022 ஜனவரியில் 33.6 லட்சம் டாலருக்குப் போனது.

இதில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது அந்தப் பிளாஸ்டிக் பெட்டி. பழைய காமிக்ஸைத் தரம் பார்த்து, பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போட்டு, கெட்டியான பெட்டிக்குள் வைத்து மூடிவிடுகிறார்கள். மூடிய பிறகு யாரும் அதைப் புரட்ட முடியாது. பெட்டியை உடைத்தால் மதிப்பு போய்விடும். அட்டையின் மூலை மடங்கியிருக்கிறதா, தையல் முள் துருப்பிடித்திருக்கிறதா என்பதற்குத்தான் பணம். உள்ளே இருக்கும் கோட்டுக்கு இல்லை. நவீன ஓவியத்தை முதலீட்டுக் கிடங்குகளில் பூட்டி வைப்பதைத் திட்டுகிற அதே மூச்சில் இதையும் திட்ட வேண்டும். விற்றவர் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 16.5 கோடிக்குத் தன்னிடமிருந்த லிக்டென்ஸ்டைனின் ‘மாஸ்டர்பீஸ்’ ஓவியத்தை விற்ற ஆக்னஸ் குண்ட், அதில் 10 கோடி டாலரை அமெரிக்கச் சிறைகளில் மனிதர்களைக் குவிப்பதற்கு எதிரான நிதியாக்கினார். அந்தப் பணம் போன வழி நல்ல வழி. அப்போதும் அது கட்டம் வரைந்தவர்களின் தெருப்பக்கம் வரவில்லை.

சட்டத்தாலும் இது தீராது. டி.சி. நிறுவனம் வழக்குப் போட்டு வென்றிருந்தாலும் பணம் நிறுவனத்துக்குத்தான் போயிருக்கும். கூலிக்கு வரைந்தவருக்குப் படத்தின் மேல் உரிமை கிடையாது. நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையாகும் மூல ஓவியத்தில் ஓவியருக்குப் பத்து சதவீதம் வரை பங்கு உண்டு என்கிறது. நல்ல சட்டம், நம் ஓவியர்களிலேயே பலர் கேள்விப்படாதது. ஆனால் அதுவும் படைப்புக்கு முதல் உரிமையாளராக இருந்தவருக்குத்தான். பிறருக்காகக் கூலிக்கு வரைந்தவர்கள் பலர் அந்த வாசலைத் தாண்ட முடியாது.

பணத்தைப் பிறர் தீர்மானிக்கட்டும், பெயரை அச்சிடுவது நம் கையில் இருக்கிறது. அதில் நாமும் தவறியிருக்கிறோம். பழைய இதழ்களை எடுத்துப் பார்த்தேன். கவிதைக்குப் பக்கத்தில் போட்ட கோட்டோவியங்கள் பலவற்றுக்குப் பெயர் இல்லை. அனுப்பியவர் யார் என்று இப்போது எனக்கே நினைவில்லாத படங்கள் இருக்கின்றன. ஓவியங்களைப் பக்கத்தை நிரப்பும் சாமானாகத்தான் நானும் நடத்தியிருக்கிறேன். இந்த இதழிலிருந்து, கதை எழுதியவர் பெயர் எந்த அளவு எழுத்திலோ அதே அளவில் படம் வரைந்தவர் பெயரும் வரும். ஒரு படத்தைப் பார்த்து இன்னொரு படம் வரைந்திருந்தால், எதைப் பார்த்து என்பதும் அடியில் இருக்கும். பழைய படங்களுக்கு உரியவர்கள் இதைப் படித்தால் எழுதுங்கள். அடுத்த இதழில் பெயரைப் பதிவு செய்கிறோம்.

அன்று மாலை கிளம்பும் முன் காமிக்ஸ் நண்பர் பையிலிருந்து ஒரு பழைய இரும்புக்கை மாயாவியை எடுத்தார். அட்டை கிழிந்து, நூல் போட்டுத் தைத்த பிரதி. 1972இல் முத்து காமிக்ஸ் மாயாவியோடுதான் தொடங்கியது. எங்கள் தலைமுறைக்கு வெறும் கை மட்டும் காற்றில் மிதக்கும் அந்தக் கட்டங்கள் இன்றும் கண்ணில் நிற்கின்றன. மூலக் கதை வந்த லண்டன் வார இதழிலேயே ஓவியர் பெயரைப் போடும் வழக்கம் இல்லாததால், தமிழுக்குக் கொண்டுவந்தவர்களுக்கும் போடுவதற்கு ஒரு பெயர் வந்து சேரவில்லை. “யார் வரைந்தது?” என்று ஓவிய நண்பர் கேட்டார். ஒரு பக்கத்தில் நிறுத்தி, கறுப்பு மசி நிழலிலிருந்து முகம் பாதி வெளிப்படும் இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெசுஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர் என்று மற்றவர் சொன்னார். ஓவிய நண்பர் மெய்ப்புத் தாளின் ஓரத்தைக் கிழித்து, அந்தப் பெயரைப் பென்சிலால் எழுதி, புத்தகத்தின் உள்ளட்டையில் செருகி, பத்திரமாக மூடிக் கொடுத்தார்.