தேங்காய் துருவும் அப்பா

பழவங்காடி கணபதி கோயிலின் முன் தேங்காய் உடைபடும் ஓசை நாள்முழுதும் கேட்டுக்கொண்டிருக்கும். சாலைக் கடைத்தெருவுக்குச் செல்லும் வழியில் ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருக்கிறேன். அப்பா தேங்காயை ஓங்கி எறிகிறார். அருகில் நிற்கும் சிறுவன் தனக்கும் ஒன்று கேட்டு வாங்கி, அதேபோல் கையை ஓங்குகிறான். யாரும் அவனுக்குப் பாடம் நடத்தவில்லை, பார்த்தான், செய்தான். தேங்காய் வீட்டுச் சமையலறைக்குப் போனதும் அப்பாவைக் காணோம். துருவுவது அம்மா. அதையும் அவன் பார்க்கிறான்.

2024 ஜூனில் பள்ளிகள் திறந்தபோது, கேரளத்தின் புதிய மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவும் படம் இடம்பெற்றது நாடெங்கும் செய்தியானது. பாராட்டினார்கள், கேலியும் செய்தார்கள். ஒரு படத்தால் என்ன மாறிவிடும் என்று நம்மவர்களே கேட்டதுண்டு. நியாயமான கேள்விதான்.

உளவியலாளர் ஆல்பர்ட் பாண்டுரா 1961இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் மழலையர் பள்ளிக் குழந்தைகள் 72 பேரிடம் ஒரு சோதனையை நடத்தினார். காற்றடைத்த பொம்மையைப் பெரியவர் ஒருவர் அடிப்பதைக் கண்ட குழந்தைகள், பிறகு அதே அடிகளை, அதே சொற்களோடு திருப்பிச் செய்தனர். பரிசோ தண்டனையோ நேரடியாகப் பெற்றுத்தான் மனிதர் கற்கின்றனர் என்ற அன்றைய செல்வாக்கு மிக்க கருத்தை இது அசைத்தது. சமூகக் கற்றல் கோட்பாடு இங்கிருந்து வளர்ந்தது.

ஆனால், நமக்குக் கூடுதலாகப் பயன்படுவது அவரது 1965ஆம் ஆண்டுச் சோதனையே. அடித்தவர் தண்டிக்கப்படுவதைத் திரைப்படத்தில் கண்ட குழந்தைகள் குறைவாகவே போலச்செய்தனர். அவர்களிலும் பெண் குழந்தைகள் மிகக் குறைவு. பின்னர், கண்டதைச் செய்துகாட்டினால் பரிசு உண்டு என்று சொன்னதும் அந்த வேறுபாடு ஏறத்தாழ மறைந்துவிட்டது. எல்லோரும் கற்றே இருந்தனர். எதை வெளிக்காட்டலாம், எதை அடக்கிக்கொள்ள வேண்டும் என்பதையும் சேர்த்தே கற்றிருந்தனர்.

'ஆண்பிள்ளைக்குச் சமையல் வராது' என்பது இதனால் பொய்யாகிறது. பதினைந்து ஆண்டுகள் அடுப்படியைப் பார்த்து வளர்ந்தவனுக்கு வராமல் எங்கே போகும்? அதைச் செய்யும் ஆணுக்குக் கிடைப்பது ஏளனமே என்பதையும் அவன் பார்த்திருக்கிறான், அவ்வளவுதான். மேடையில் பேசும் அப்பாவைக் கண்டு வளரும் மகளும் பேசக் கற்கிறாள். அவளை வாய்மூட வைப்பதும் இதே கணக்குத்தான்.

இந்தப் பரிசையும் ஏளனத்தையும் விதிப்பது யார்? இக்கேள்வியை உளவியலிடம் மட்டும் விட்டுவிட முடியாது. இந்தியாவில் ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிடுகின்றனர் என்றது 2019ஆம் ஆண்டின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. ஆண்களுக்கு அது 97 நிமிடம். அந்த வேலையைத் தொடும் ஆண்களே நால்வரில் ஒருவர்தான். நாளைக்கு ஆலைக்கும் கடைக்கும் வரவேண்டிய உழைப்புச் சக்தியை மூலதனம் இவ்வாறு செலவின்றிப் பெறுகிறது. ஏளனத்துக்குப் பின்னால் இந்த ஆதாயம் இருக்கிறது.

ஆனாலும், சமூகம் மாறட்டும் என்று நம் வீட்டை மட்டும் ஒத்திவைப்பது வசதியான சோம்பல். சூழல் மனிதரை உருவாக்குகிறது, மனிதரே சூழலையும் மாற்றுகின்றனர் என்ற புரிதலை 1845இலேயே, ஃபாயர்பாக் குறித்த தம் குறிப்புகளில் மார்க்ஸ் முன்வைத்தார். நமது கிளைக் கூட்டம் ஒரு தோழரின் வீட்டில் நடக்கிறது. பெண்விடுதலை பற்றிய அறிக்கை வாசிக்கப்படுகிறது. உறுப்பினரான அவருடைய இணையர் பாதியில் எழுந்து தேநீர் போடச் செல்கிறார். விவாதம் அவரில்லாமல் தொடர்கிறது. வாசற்படியில் அமர்ந்து வீட்டுப்பாடம் எழுதும் குழந்தை இரண்டையும் பார்க்கிறது, அறிக்கையையும் தேநீரையும். அதன் மடியில் இருப்பது அந்த மூன்றாம் வகுப்புப் புத்தகமாகவும் இருக்கலாம்.

என் வீட்டிலும் பல ஆண்டுகள் இப்படித்தான் நடந்தது. என் மகன் இன்றும் தனக்குத் தேநீர் போடத் தெரியாது என்கிறான். அப்படிச் சொல்ல அவன் யாரிடம் கற்றான் என்பது எனக்குத் தெரியும். வீட்டில் கூடும் கிளைகளில் தேநீரும் பாத்திரம் கழுவுதலும் ஆண் தோழர்களின் முறைவேலை என்று தீர்மானித்து, கூட்டக் குறிப்பேட்டில் பெயர்களை எழுதி வைக்கலாம். முதல் முறைக்கு என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.