பிள்ளைகளுக்கென்று எழுதி வைத்த திடல்

கொழும்புக் காலிமுகத்திடலில் ஒரு பழைய கல் இருக்கிறது. 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த கடலோர நடைபாதையைத் தமக்குப் பின் வருவோர் பேணிக் காக்க வேண்டுமென்று சேர் ஹென்றி வார்ட் என்னும் ஆங்கிலத் தேசாதிபதி அதிற் பொறித்துவைத்தார். யாருக்காகப் பேண வேண்டும்? கொழும்பு நகரின் சீமாட்டிகளுக்காகவும் குழந்தைகளுக்காகவும். தேசாதிபதியின் நெஞ்சில் இருந்த குழந்தைகள் எந்தக் குழந்தைகள் என்பதில் நமக்கு மயக்கமில்லை. ஆயினும் கல்லில் வெட்டிய எழுத்து, வெட்டுவித்தவனின் கருத்தோடு நின்றுவிடுவதில்லை. இன்று மாலை வேளையில் அத்திடலிற் பட்டம் விடுகிறவன் கொம்பனித்தெருக் கூலித் தொழிலாளியின் மகன். இறால் வடையைப் பாதி கடித்துத் தம்பிக்குக் கொடுக்கிறவள் கொட்டாஞ்சேனைத் தையற்காரியின் மகள். சொத்து உரியவர் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அது அவர்கள் கையில் நிலைக்குமா என்பதே நம் கேள்வி.

சித்திரையிலும் ஓகஸ்ற்றிலும் டிசம்பரிலும் பாடசாலை விடுமுறை வரும்போதெல்லாம், பிள்ளைகளோடு குறைந்த செலவில் நகரிற் பொழுது போக்குவது எப்படி என்று பத்திரிகைகள் யோசனை கூறுகின்றன. அந்த யோசனைகளை நாம் இகழவில்லை. நகரம் உண்மையிலேயே செல்வம் நிறைந்ததுதான். வெள்ளவத்தையில் றெயில் ஏறிப் பிள்ளையை மேற்குப் பக்கத்து யன்னலோரம் இருத்தினால், கொள்ளுப்பிட்டி வரை கடல் கூடவே வரும். அதன்பின் பேர வாவி வரும். விகாரமகாதேவிப் பூங்காவின் மரநிழலிற் கட்டுச்சோற்றை அவிழ்க்கலாம். அருகே, 1877 இல் திறக்கப்பட்ட நூதனசாலை. கண்டியரசனின் சிம்மாசனம் அங்கே இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம் என்ற மும்மொழியிலும் எழுதிய கல்லொன்றும் இருக்கிறது. சீனக் கடற்றளபதி செங் ஹோவின் காலத்தது, 1409 ஆம் ஆண்டுத் திகதி பொறித்தது, 1911 இற் காலியிற் கிடைத்தது. சீனத்துக் கப்பலோடு வந்த கல்லிற் தன் தாய்மொழியைக் கண்டு ஒரு குழந்தை விழி விரிக்குமானால், அது ஒரு வருடப் பாடப் புத்தகம் தராத கல்வி.

ஆனால் 'குறைந்த செலவு' என்கிறார்களே, அது யாருக்குக் குறைவு? மாதச் சம்பளமும் சம்பளத்தோடு விடுமுறையும் உள்ளவர், வாயிலிற் கொடுக்கும் கட்டணத்தை மட்டுமே செலவென்று எண்ணுகிறார். நாட்கூலிக்காரனுக்கு முதற் செலவு அன்றைய கூலி. பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அவன் வீதியில் இறங்கும்போதே ஒருநாட் சோறு போய்விட்டது. அதற்குமேல் பஸ் கட்டணம், தண்ணீர்ப் போத்தல், கைக்குழந்தையோடு வந்த தாய் ஒதுங்க இடமின்றி அலையும் அலைச்சல். 2022 செப்ரெம்பரிற் கொழும்பில் உணவின் விலை, அதற்கு முந்திய வருடத்தைவிட ஏறத்தாழ 95 வீதம் ஏறியிருந்தது. பின்னர் விலையேற்றத்தின் வேகம் தணிந்தது. விலை பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அந்த வீட்டுப் பிள்ளை ஐஸ்கிறீம் வண்டியின் மணியைக் கேட்டு அண்ணாந்து தாயின் முகத்தைப் பார்க்கும் பார்வையை எந்த யோசனைப் பட்டியலும் கணக்கிற் சேர்ப்பதில்லை.

இங்கே இரண்டு கூட்டத்தார் குறுக்கிடுகிறார்கள்.

"ஏழைப் பிள்ளைக்கு உல்லாசம் எதற்கு? விடுமுறையிலாவது இருந்து படிக்கட்டும்" என்பது முதற் கூட்டத்தாரின் உபதேசம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசிற் பரீட்சை என்ற ஒன்றைக் காட்டி, பத்து வயதுக் குழந்தையின் விடுமுறையைக் காலை வகுப்பு, மாலை வகுப்பு என்று கூறுபோட்டு விற்கும் தனியார் போதனை வியாபாரம் இந்த உபதேசத்தின் நிழலிலேதான் கொழுக்கிறது. படிப்பை நாம் எதிர்க்கவில்லை. ஏழையின் கையிலுள்ள ஒரே ஆயுதம் படிப்பு என்பதை அறிவோம். ஆனால் கடலைப் பார்க்காத குழந்தைக்குக் கடலைப் பற்றிக் கட்டுரை எழுதக் கற்பிப்பது கல்வியா? ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்று 1989 ஆம் ஆண்டின் சர்வதேசச் சிறுவர் உரிமைச் சமவாயம் தன் 31 ஆம் உறுப்புரையிற் கூறுகிறது. இலங்கை அதை 1991 இல் ஏற்று உறுதி செய்தது. நாம் யாசகம் கேட்கவில்லை. ஒப்பமிட்ட கடனைக் கேட்கிறோம்.

இரண்டாவது கூட்டத்தார் பொல்லாதவர்கள். "ஒவ்வொரு இடமும் தன் செலவைத் தானே உழைத்துக்கொள்ள வேண்டும்" என்பது அவர்களுடைய வேதம். அந்த வேதத்தின்படி தாமரைக் கோபுரம் 2022 செப்ரெம்பரிற் திறக்கப்பட்டபோது, உள்நாட்டவருக்கு 500 ரூபா, 2000 ரூபா என்று இரு வகைச் சீட்டுகள் வந்தன. தாயும் தகப்பனும் ஏறுவதற்கே குறைந்தது ஆயிரம் ரூபா. பொதுக்கடனில் எழுந்த கோபுரத்தை, அந்தக் கடனைச் சுமக்கும் குடும்பம் கீழே நின்று கழுத்து நோக அண்ணாந்து பார்த்துவிட்டுப் போகலாம். அதற்கு மட்டும் கட்டணமில்லை! 2014 இல் தொடங்கி, காலிமுகக் கடலைத் தூர்த்து 269 ஹெக்ரேயர் நிலம் எழுப்பினார்கள். அந்தத் துறைமுக நகரத்துக்கு 2021 இற் தனிச்சட்டமே வந்தது. முதலீட்டாளனின் சௌகரியத்தைப் பக்கம் பக்கமாக எழுதத் தெரிந்த நாட்டில், பிள்ளைகளின் சௌகரியத்துக்கு ஒரு பழைய கல்தான் சாட்சி.

அந்தக் கல் நிற்கும் திடலையே விழுங்கப் பார்த்தார்கள் என்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? பெரும் களியாட்டக் கூடம் அமைப்பதற்கென்று நகர அபிவிருத்தி அதிகாரசபை திடலை ஒரு தனியார் கம்பனிக்குக் கொடுக்க உடன்படிக்கை செய்தது. விபரம் கேட்ட சுற்றாடல் அமைப்புக்கு விபரம் மறுக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம் சென்றது. 2005 இல் வந்த தீர்ப்பு, விபரத்தை மறுத்தது அடிப்படை உரிமை மீறல் என்று கூறித் திடலை மக்களிடமே நிறுத்தியது. இன்று அங்கே ஓடும் ஒவ்வொரு குழந்தையும் அந்த வழக்கின் பயனை அனுபவிக்கிறது. இலவசம் என்று நாம் சொல்வது இலவசமாக வந்ததல்ல. யாரோ நின்று போராடிக் காத்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2010 மே மாதத்திற் கொம்பனித்தெரு மியூஸ் வீதியிற் குடியிருந்த வீடுகளை இடித்தார்கள். அந்த வருடங்களிற் பூங்காக்களின் மதில்கள் விழுந்தன, நடைபாதைகள் பளபளத்தன, நகரம் அழகாகிறது என்று பலர் மகிழ்ந்தனர். அழகை நாமும் விரும்புகிறோம். ஆனால் தோட்டங்களிலிருந்து பெயர்க்கப்பட்ட குடும்பங்கள், நானூறு ஐந்நூறு சதுர அடித் தொடர்மாடி வீடுகளிற் போய் அடைந்தன. முன்பு பிள்ளைக்கு ஒழுங்கை இருந்தது. ஒழுங்கையின் அந்தத்தில் அதைக் கண்காணிக்கும் ஆச்சி இருந்தாள். இப்போது நீண்ட நடையும், பழுதடைந்தால் உடனே திருத்தப்படாத மின்தூக்கியும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்குத் திடலும் பூங்காவும் உல்லாசமல்ல. பறிபோன முற்றத்துக்கு ஈடு.

"ஏழைகள் வந்தால் குப்பை போடுவார்கள்" என்று மூக்கைச் சுளிப்போருக்கு ஒரு வார்த்தை. 2022 ஏப்ரல் 9 ஆம் திகதி தொடக்கம் ஜூலை வரை அதே திடலில் மக்கள் கூடாரமிட்டு வாழ்ந்தார்கள். அங்கே நூலகம் அமைத்தார்கள், சமைத்துப் பகிர்ந்தார்கள், தாய்மார் பிள்ளைகளையும் அழைத்து வந்தார்கள். பொது இடத்தைப் பேண மக்களுக்குத் தெரியும். அது தம்முடையது என்ற எண்ணம் இருந்தாற் போதும்.

ஆகவே நாம் கேட்பவை பெரியவையல்ல. பாடசாலை விடுமுறை நாட்களில் நூதனசாலைக் கதவு எல்லா மாணவருக்கும் கட்டணமின்றித் திறக்கட்டும். திடலிலும் பூங்காவிலும் நல்ல குடிநீரும், காசு கேட்காத சுத்தமான மலசலகூடமும், மதிய வெயிலுக்கு ஒதுங்க நிழலும் இருக்கட்டும். அறிவிப்புப் பலகைகள் பிள்ளைகள் பேசும் மொழிகளிற் பிழையின்றிப் பேசட்டும். விடுமுறையில் ஒரு நாளாவது, கூலி வெட்டாமல், உழைக்கும் தாய்க்கும் தகப்பனுக்கும் ஓய்வு கிடைக்கட்டும். இந்தக் கடைசிக் கோரிக்கை நிறைவேறாதவரை மற்றவை அரைப்பயனே. தொழிற்சங்கங்கள் சம்பளத்தோடு இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

குழந்தைப் பருவம் ஒத்திவைக்கக்கூடிய செலவல்ல. இந்த ஓகஸ்ற் போனால், ஏழு வயதுக்கு இன்னோர் ஓகஸ்ற் இல்லை. அந்நிய ஆட்சியின் தேசாதிபதிகூடத் தன் வாரிசுகளுக்குக் குழந்தைகளை ஞாபகப்படுத்தினான். சுதந்திர நாட்டின் ஆட்சியாளர் அந்தக் கல்லைத் தாண்டி வாகனத்திற் போகும்போது ஒருமுறை இறங்கி அதை வாசிக்கட்டும். வாசிக்க நேரமில்லையென்றால், பட்டம் விடும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டுபோய் நாமே உரக்க வாசித்துக் காட்டுவோம்.