விழிக்க மறுத்த வன்தட்டு

சென்ற மாதத்து ஞாயிற்றுக்கிழமையொன்றிலே, எம்மிடம் முன்னர் கற்ற மாணவரொருவர் பழைய கணினியொன்றை முச்சக்கர வண்டியில் ஏற்றிக்கொண்டு எமது இல்லம் வந்து சேர்ந்தார். அவருடைய அன்னையாரும் உடன் வந்திருந்தார். அக்கணினி மாணவரின் தந்தையார் 1993ஆம் ஆண்டிலே கொழும்பில் வாங்கியது. தந்தையார் இன்று இல்லை. தம் ஊரின் வரலாற்றையும், அங்கு வாழ்ந்த குடும்பங்களின் வழிமுறையையும் முதியோர் பலரிடம் கேட்டறிந்து, ஆறாண்டுகளாக அதிலே எழுதி வந்தவர் அவர். அச்சுப்படி எதுவும் எஞ்சவில்லை. கதை சொன்ன முதியோரும் இப்பொழுது இல்லை.

திருத்துநரொருவர் இயந்திரத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “வன்தட்டு செத்துப்போயிற்று, எறிந்துவிடுங்கள்” என்றாராம். அம்மையார் எறியவில்லை.

இவ்வாறான பழைய கணினிகள் எமது வாசகர் பலரின் வீடுகளிலே, அலுமாரியின் மேலோ கட்டிலின் கீழோ தூசி படிந்து கிடக்கின்றன என்பதை நாம் அறிவோம். ஆகவே அன்று நிகழ்ந்ததைச் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

நாம் முதலிற் கேட்ட வினா, “எத்தனை முறை மின்னைப் பாய்ச்சிப் பார்த்தீர்கள்?” என்பது. நான்கு முறை என்றார் மாணவர். நோயுற்ற வன்தட்டை ஒவ்வொரு முறை எழுப்புவதும் அதன் ஆயுளைச் சுரண்டுவதாகும். உள்ளே பெறுமதியான எழுத்து இருக்குமாயின், இயங்குமா இயங்காதா என்று மீண்டும் மீண்டும் ஆளியைத் தட்டிப் பார்த்தல் ஆகாது. முதலில் மூடியைக் கழற்றிக் கண்ணாற் பார்த்தல் வேண்டும்.

பார்த்தோம். தாய்ப்பலகையின் ஓரத்திலே சிறு பீப்பாய் போன்ற நிக்கல்-கட்மியம் மின்கலமொன்று கசிந்து, சுற்றிலும் பச்சை பூத்திருந்தது. இம்மின்கலத்தின் வரலாறு அறியத்தக்கது. ஐ.பி.எம். நிறுவனம் 1983இல் வெளியிட்ட எக்ஸ்.ரி. கணினியின் வன்தட்டு 10 மெகாபைற்று மட்டுமே கொண்டது. அடுத்த ஆண்டு வந்த ஏ.ரி. கணினியிலே, பொருத்தப்பட்ட தட்டு எத்தகையது என்பதை மின்கலத்தின் துணையோடு நினைவிற் கொள்ளும் சிறு சில்லொன்று அமைக்கப்பட்டது. பின்வந்த கணினிகளும் இம்முறையையே பின்பற்றின. மின்கலம் தீர்ந்தால் கணினி தன் தட்டின் அளவுகளை மறந்துவிடும். தட்டு நலமாகவே இருக்கும். ஆயின் அப்படியொன்று தன்னிடம் இருப்பதே கணினிக்குத் தெரியாது. செத்ததென்று எறியப்பட்ட தட்டுகளுள் எத்தனை இவ்வாறு மறக்கப்பட்டவை மட்டுமோ, யாரறிவார்? பழைய ஐ.பி.எம். கணினியின் திரையிலே 161 என்ற எண் தோன்றினால் மின்கலத்தை ஐயுறவேண்டும். 1780 அல்லது 1790 என்று தோன்றினால் முதலாம் வன்தட்டை ஐயுறவேண்டும். பிற கணினிகள் எண்ணுக்குப் பதிலாக வசனமாகச் சொல்லும்.

கசிந்த பொருள் காரம். ஆகவே மின்கலத்தின் கால்களை வெட்டியெடுத்து, வினாகிரி தோய்ந்த பஞ்சினால் அவ்விடத்தைத் துடைத்து, பின்னர் மதுசாரத்தினாற் சுத்தஞ்செய்து உலரவிட்டோம். காரத்தை அமிலம் நடுநிலையாக்கும் என்று வகுப்பிலே ஓதுவது இவ்வாறு என்றாவது பயன்படுகின்றது. புதிய மின்கலம் பொருத்த நாம் முயலவில்லை. மின்சாரம் பாயுமட்டும் அச்சில்லு எழுதியதை மறவாது. அன்றைய தேவைக்கு அதுவே போதும். மின்வெட்டு வராதிருந்தாற் சரி.

ஆளியைப் போட்டோம். விசிறி சுழன்றது, தட்டிலிருந்து ஒலியில்லை. உள்ளங்கையை அதன்மேல் வைத்தோம், அதிர்வுமில்லை. மின்னூட்டும் நான்கு ஊசிச் செருகியை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. காதை அருகே கொண்டுபோனபோது, எழ முயன்று முடியாமல் மீண்டும் படுப்பவரின் முனகல்போல மெல்லியதோர் ஒலி கேட்டது. உடனே நிறுத்தினோம்.

இது பழைய தட்டுகளுக்கு வரும் பெயர்பெற்ற நோய். தட்டு சுழலும்போது வாசிக்குந் தலைகள் மயிரிழையிலும் மிகமிகக் குறைந்த உயரத்திற் காற்றிலே மிதக்கின்றன. நிறுத்தியதும் தட்டின் முகத்திலேயே இறங்கி அமர்கின்றன. அம்முகமோ கண்ணாடிபோல் வழவழப்பானது. தேய்வைத் தடுக்க மெல்லிய மசகும் பூசப்பட்டது. நனைந்த இரு கண்ணாடித் துண்டுகளை ஒன்றன்மேலொன்றாக வைத்துப் பிரிக்க முயன்றவர்களுக்கு மீதியைச் சொல்லவேண்டியதில்லை. ஆண்டுக்கணக்கில் அசையாதிருந்தால் தலை தட்டோடு ஒட்டிக்கொள்ளும். சிறிய மோட்டரின் வலு அதைப் பெயர்க்கப் போதாது.

இதற்கு மருந்து எளியது, ஆயின் நெஞ்சு நடுங்கச் செய்வது. வன்தட்டுப் பெட்டியை வெளியே எடுத்து உள்ளங்கையிற் கிடையாக வைத்து, உள்ளிருக்கும் தட்டு சுழலும் தளத்திலேயே மணிக்கட்டைச் சட்டென்று திருப்பி நிறுத்தவேண்டும். பெட்டி நின்றுவிட, தட்டு தன் சடத்துவத்தினால் சிறிது திரும்பித் தலையினின்று விடுபடும். மேசையில் தட்டுவதும் சுத்தியலால் அடிப்பதும் கூடா. பெட்டியைத் திறந்து கையால் சுழற்றலாமென்று எண்ணுவோருமுண்டு; ஒரு தூசித் துணிக்கை தலைக்கும் தட்டுக்கும் இடையே புகுந்தால் எழுத்துகள் அங்கேயே உரிந்துபோகும். நாம் மூன்று முறை திருப்பினோம். அம்மையார் பார்க்க மாட்டாதவராய் எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

மீண்டும் பொருத்தி ஆளியைப் போட்டதும் தாழ்ந்த சுருதியிலிருந்து மெல்ல ஏறும் அந்த ஒலி எழுந்தது! இனி வேலை முடியுமட்டும் மின்னை நிறுத்துவதில்லை என்று உறுதிகொண்டோம்.

அடுத்து, மறந்த அளவுகளைக் கணினிக்கு நினைவூட்ட வேண்டும். தட்டின்மேல் ஒட்டிய தாளிலே உருளைகள் 903, தலைகள் 8 என்று தெளிவாகவே இருந்தன. ஒரு தடத்திலுள்ள ஆரைச்சிறைகளின் தொகை மட்டும் மங்கியிருந்தது. நாம் 40 என வாசித்தோம். பயோஸ் அமைப்பிலே, உடைமையாளரே அளவுகளை இடுதற்கென விடப்பட்ட 47ஆம் வகையைத் தெரிந்து, மூன்று எண்களையும் இட்டோம். கணினி தட்டைக் கண்டுகொண்டது. ஆயின் ‘மிஸ்ஸிங் ஒப்பரேற்றிங் சிஸ்டம்’ என்று ஒரு வரி எழுதி நின்றுவிட்டது.

இங்கேதான் நாம் பிழைசெய்ய இருந்தோம். டொஸ் நெகிழ்தட்டினால் கணினியை எழுப்பி, சி என்ற தட்டைத் திறக்கக் கேட்டால், அது செல்லாத வகைத் தட்டு என்றது கணினி. இயங்குதளந்தான் அழிந்தது போலும், முன்பகுதியைப் புதிதாக எழுதிப் பார்க்கலாம் என்று எண்ணி, எப்டிஸ்க் கட்டளையின் முதல் எழுத்துகளை எமது விரல்கள் தட்டியும் விட்டன. அதுவும் பலிக்காவிடின் அடுத்து என்ன செய்திருப்போமென்று நினைக்கவே அச்சமாயிருக்கின்றது. போர்மற் என்ற கட்டளை அத்தகைய வேளைகளிற் கைக்கு மிக அருகிலேயே இருக்கும்.

அப்போது தாளும் பென்சிலுமாக இருந்த மாணவர், “சேர், கொஞ்சம் பொறுங்கோ. கணக்குச் சரிவரவில்லை” என்றார். ஓர் ஆரைச்சிறையில் 512 பைற்றுகள் அடங்கும். 903ஐ 8ஆலும் 40ஆலும் 512ஆலும் பெருக்கினால் 14,79,47,520 பைற்றுகள், அதாவது ஏறத்தாழ 148 மெகாபைற்று. தட்டின்மேலோ 170 என்று எழுதியிருந்தது. உருப்பெருக்கியை எடுத்துவந்து தாளைப் பார்த்தோம். அது 40 அன்று, 46. பெருக்கினால் 17,01,39,648 வருகின்றது.

ஒரு பூச்சியத்தினால் இத்தனை குழப்பம் விளைவதேன் என்று மாணவர்கள் கேட்பர். கணினி விழிக்கும்போது தட்டின் முதலாவது ஆரைச்சிறையைப் படிக்கின்றது. அது எவ்வளவு எண்ணினாலும் முதலாவதே; ஆதலால் பிழையான எண்ணிலும் அது கிடைத்துவிடும். தட்டு எவ்வாறு பிரிக்கப்பட்டுள்ளது என்ற அட்டவணை அங்கேயுள்ளது. ‘இயங்குதளம் இரண்டாம் தலையின் முதலாம் ஆரைச்சிறையில் தொடங்குகின்றது’ என்று அவ்வட்டவணை சொல்லும். தடத்துக்கு 46 என்றால் அது 46ஐத் தாண்டி 47ஆவது. 40 என்றால் 41ஆவது. கணினி ஆறு வீடுகளுக்கு முன்னரே கதவைத் தட்டி, உள்ளே எவருமில்லை என்று திரும்பிவிட்டது. வீட்டுக்காரர் தம் வீட்டிலேயே இருந்தார். இந்நிலையிற் போர்மற் செய்திருந்தால், பிழையான கணக்கின்படி ஊர் முழுவதையும் இடித்து மீண்டும் கட்டியதாகியிருக்கும்.

எண்ணைத் திருத்தி, மின்னை நிறுத்தாமலே மறுபடி எழுப்பினோம். திரையிலே டொஸ் வந்தது. பின்னர் பழைய விண்டோஸ் வந்தது. மாணவர் அன்னையாரை அழைத்தார்.

வேறு நோய்களும் உண்டு. நெகிழ்தட்டொன்றைச் செருகியபடியே மறந்துவிட்டு, ‘நொன்-சிஸ்டம் டிஸ்க்’ என்ற செய்தியைக் கண்டு வன்தட்டைப் பழிப்போர் பலர். அதற்கு மருந்து நெகிழ்தட்டை வெளியே எடுப்பதுதான். இன்னும் முந்திய 20 மெகாபைற்றுத் தட்டுகள் சிலவற்றிலே தலைகளை நகர்த்தும் படிமோட்டர் வெப்பநிலைக்கேற்பச் சற்று வழுவும். குளிர்ந்த காலையில் விழிக்காத கணினி அரைமணி நேரம் சூடேறியபின் விழிக்கும். 1991இல் அறியப்பட்டு, மார்ச் 6ஆம் திகதிதோறும் தட்டின் முன்பகுதியை அழித்த மைக்கலாஞ்சலோ நச்சுநிரல் முதலியவற்றைப் பிறிதொரு கிழமை பார்ப்போம்.

தந்தையாரின் எழுத்துகள் பதினொரு கோப்புகளாக இருந்தன. இரண்டு நெகிழ்தட்டுகளில் அடங்கிவிட்டன. அவற்றை மாணவரின் மடிக்கணினியில் திறந்தபோது தமிழ் தெரியவில்லை. ஆங்கில எழுத்துகள் பொருளின்றிச் சிதறிக் கிடந்தன. அக்காலத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழைப் பொருத்தியவை. எழுத்துருவும் அதே வன்தட்டில் இருந்தமையால் அதையும் பிரதிசெய்து நிறுவினோம்.

முதற்பக்கத்தில் ஊரின் குளத்தைப்பற்றி எழுதியிருந்தார். அம்மையார் கண்ணாடியை எடுத்து அணிந்துகொண்டு, “குளம் வடக்கே இல்லை, கிழக்கே. அப்பவும் சொன்னனான்” என்றார்.