கணினி மேசையின் பாஷை

ஒரு சங்கத்தின் அங்கத்தினர் ஜாபிதா எங்கே இருக்கிறது என்று இன்று கேட்டால், அலமாரியைத் திறந்து தடித்த பேரேட்டை எடுத்துக் காட்டுவோர் அருகிவிட்டனர். ஜாபிதாவும், வரவு செலவுக் கணக்கும், கூட்ட நடவடிக்கைக் குறிப்பும், சர்க்காருக்கு எழுதிய மனுவின் நகலும் கணினிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டன. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவை கணினிக்குள் எந்த இடத்தில், எந்தப் பெயரில், எத்தனை பிரதிகளாக இருக்கின்றன என்று தலைவரைக் கேட்டால், "அது தம்பிக்குத்தான் தெரியும்" என்று அதை இயக்கும் வாலிபரைக் கை காட்டுகிறார். தம்பி வெளியூர் போய்விட்டால் சங்கம் ஊமையாகிவிடுகிறது. பேரேட்டைப் படிக்கத் தெரியாத ஒருவரைப் பொக்கிஷதாராக நியமிக்க எந்தச் சங்கமும் சம்மதிக்காது. கணினி விஷயத்தில் மட்டும் தலைவர், காரியதரிசி, பொக்கிஷதார் ஆகிய எல்லோருமே படிக்கத் தெரியாதவர்களாக இருப்பதை நாம் சகஜமாக ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

இந்த நிலைக்குக் காரணம் யந்திரத்தின் கடினம் என்று பலர் நினைக்கிறார்கள். நமது அபிப்பிராயம் வேறு. யந்திரம் கடினமானதன்று, அதன் பாஷைதான் நமக்கு அர்த்தமாகவில்லை. அந்தப் பாஷையும் பெரிய சாஸ்திரமன்று. இருபது சொற்களை அர்த்தத்தோடு அறிந்தவன் கணினி மேசைக்கு எஜமானனாகிவிடுவான்.

அந்த மேசை பிறந்த கதையைச் சிறிது பார்ப்போம். அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் 1968-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், கையால் நகர்த்தும் ஒரு சிறு கருவியைக் கொண்டு திரையில் உள்ளவற்றைச் சுட்டிக் காட்டி வேலை வாங்கலாம் என்று ஒரு மகாசபையில் நடத்திக் காட்டினார். பிறகு கலிபோர்னியாவில் பாலோ ஆல்ட்டோ நகரில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையார் 1973-ம் வருஷத்தில் ஆல்ட்டோ என்ற கணினியைச் செய்தார்கள். 1981-ல் அதே கம்பெனியார் ஸ்டார் என்ற கணினியை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். நம் கடைத்தெருவில் பிரதி எடுப்பதற்கே பெயராகிவிட்ட அந்த ஜெராக்ஸ்தான், காரியாலய மேசையைக் கண்ணாடித் திரையில் வரைந்து காட்டியது. யோசனை மிக எளியது. ஒரு குமாஸ்தாவின் மேசைமேல் காகிதங்களும், காகிதங்களைச் செருகி வைக்கும் உறைகளும் இருக்கும். பக்கத்தில் அலமாரி இருக்கும். அவற்றையே திரையில் சித்திரமாகப் போட்டால், கணிதம் படியாத குமாஸ்தாவும் கணினியைக் கண்டு அஞ்சமாட்டான் என்று அவர்கள் எண்ணினார்கள். வேண்டாததை எறியும் தொட்டியும் இந்தச் சித்திரத்தில் சேர்ந்தது. 1984-ல் ஆப்பிள் கம்பெனியாரின் மாக்கின்டாஷும், 1995-ல் மைக்ரோசாப்ட் கம்பெனியாரின் விண்டோஸ் 95-ம் இந்த மேசையை உலகெங்கும் கொண்டுபோய்ச் சேர்த்தன.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த நிபுணர்கள் புதுச் சொற்களைத் தேடி லத்தீன் நிகண்டுகளைப் புரட்டவில்லை. தம் ஊர்க் குமாஸ்தா தினமும் வாயில் வழங்கிய சொற்களையே எடுத்துக்கொண்டார்கள். ஆகையால் ஆங்கிலேயனுக்கும் அமெரிக்கனுக்கும் ஃபைல் என்றால் காகிதக் கட்டு; ஃபோல்டர் என்றால் மடித்த அட்டை; விண்டோ என்றால் வீட்டு ஜன்னல். சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் பொருள் விளங்கிவிடுகிறது. நமக்கோ அதே சொற்கள் அர்த்தம் தெரியாமல் உருப்போட்ட மந்திரங்களாக வந்து சேர்ந்தன. அவன் பொருளைப் படித்தான். நாம் ஓசையைப் படித்தோம். இடப் பக்கத்து மூலையில் மூன்றாவது சின்னத்தை அழுத்த வேண்டும் என்று நாம் பாடம் பண்ணினோம். அந்தச் சின்னம் வலப் பக்கத்துக்கு மாறிய அன்று நமது கல்வி முடிந்துபோயிற்று.

தமிழில் இதற்குச் சொல் இல்லையா? தாராளமாக இருக்கிறது. கோப்பு என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். காகிதங்களைத் துளையிட்டுக் கயிற்றில் கோத்து வைப்பதால் அது கோப்பு. நமது சர்க்கார் காரியாலயங்களில் நெடுங்காலமாக வழங்குவது. கோப்புகளை இட்டு வைக்கும் உறை கோப்புறை. சாளரம் நமது பழஞ்சொல். திரை என்பது நாடகக் கொட்டகையிலிருந்து சினிமாவுக்குப் போய், அங்கிருந்து கணினிக்கும் வந்துவிட்டது. கையால் நகர்த்தும் கருவிக்கு, வால் போன்ற கம்பியைப் பார்த்து அவர்கள் எலி என்று பெயர் வைத்தார்கள். அது செய்யும் தொழிலைப் பார்த்து நாம் சுட்டி என்று வைத்தோம். எது பொருத்தம் என்பதை வாசகர்களே தீர்மானிக்கட்டும். ஏவற் சொற்களிலோ தமிழ் இன்னும் ஒரு படி மேல். திற, மூடு, சேமி, வெட்டு, ஒட்டு, நகலெடு, நீக்கு, அச்சிடு: இவற்றுக்கு எந்தக் குழந்தைக்காவது அகராதி வேண்டுமா?

சொல்லின் பொருளை அறிவது வெறும் பாஷாபிமானமன்று. நஷ்டத்தைத் தடுக்கும் காரியம். ஒருவர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து ஒரு மகஜரைத் தட்டெழுதுகிறார். சேமிக்கும்வரையில் அது கணினியின் தாற்காலிக நினைவில் மட்டுமே நிற்கிறது. மின்சாரம் போனால் மகஜரும் போய்விடும். சில மென்பொருள்கள் தாமே அவ்வப்போது சேமித்துக்கொள்கின்றன என்றாலும், அதை நம்பி இருப்பது கொள்ளிடத்தில் வெள்ளம் வராது என்று கரையில் நெல் உலர்த்துவதை ஒக்கும். சேமி என்ற சொல்லின் பொருளை உணர்ந்தவன் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை சேமிப்பான்.

மற்றொரு உதாரணம். மேசைத் திரையில் தெரியும் சின்னங்கள் எல்லாம் கோப்புகள் அல்ல. சில, கோப்பு இருக்கும் இடத்துக்கு வழி காட்டும் பலகைகள் மட்டுமே. அவற்றைக் குறுக்குவழி என்று தமிழில் சரியாகவே அழைக்கிறார்கள். இந்த வித்தியாசம் தெரியாதவர் வழிகாட்டிப் பலகையை விரல்நுனி அளவுள்ள நினைவுக்கோலில் நகலெடுத்துக்கொண்டு ஜில்லா மகாநாட்டுக்குப் புறப்படுகிறார். அங்கே போய்த் திறந்தால் அறிக்கை இல்லை. ஊர்ப் பெயர் எழுதிய கல்லைப் பெயர்த்துக்கொண்டு போனவனுக்கு ஊர் எப்படி உடன் வரும்? நகலெடுத்தால் மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும். வெட்டி ஒட்டினால் மூலம் இடம் மாறிவிடும். இந்த ஒரு பேதம் தெரியாமல் கணக்குக் கோப்பைத் தொலைத்தவர்கள் எத்தனை பேர்!

நீக்குதல் என்ற காரியத்தில் இன்னும் நுட்பம் உண்டு. கணினியின் சொந்த வட்டிலிருந்து நீக்கிய கோப்பு சாதாரணமாகக் குப்பைத்தொட்டிக்குப் போகிறது, அங்கிருந்து மீட்கலாம். நினைவுக்கோலிலிருந்து நீக்கியதோ விண்டோஸ் கணினிகளில் பெரும்பாலும் தொட்டிக்குப் போகாமலே மறைந்துவிடும். எனவே தவறுதலாக நீக்கியவன் முதலில் எதிலிருந்து நீக்கினோம் என்பதை அறிந்திருக்க வேண்டும். இதற்கு மறுபக்கமும் உண்டு. ஏழை விவசாயி ஒருவர் ஏதோ ஒரு மனுவுக்காகக் கடையில் போய்த் தமது ஆதார் அட்டையையும் பாங்கிப் புத்தகத்தையும் கணினியில் ஏற்றச் செய்கிறார். மனு போய்விடுகிறது, அட்டையின் படம் கடைக்காரரின் கோப்புறையில் தங்கிவிடுகிறது. "என் கோப்பை நீக்குங்கள், தொட்டியையும் காலி செய்யுங்கள்" என்று கேட்கும் உரிமை அவருக்கு உண்டு. ஆனால் அந்த வாக்கியம் அவர் வாயில் இல்லை. பெயர் தெரியாத பொருளை எவனும் திருப்பிக் கேட்க முடியாது.

இனி, அயற்சொல்லை அறவே தள்ள வேண்டுமா என்ற பழைய வழக்கு எழும். நாம் அந்த வழக்கில் வெறி கொண்டவர்கள் அல்ல. இந்தக் கட்டுரையில் பலமுறை வந்த மேசையே போர்த்துகீசியர் தந்த சொல். ஜன்னலும் சாவியும் அலமாரியும் அவ்வாறு வந்தவையே. அவற்றை நாம் வெளியேற்றவில்லை. அவை நம் வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டன. ஃபைல் என்று சொல்லுகிறவன் அதன் பொருள் அறிந்து சொன்னால் யாதொரு பாதகமும் இல்லை. அயற்சொல் வழங்குவது ஆபத்தன்று. பொருள் தெரியாத சொல் வழங்குவதே ஆபத்து. அந்த நோயைத் தீர்க்கத் தாய்பாஷையைவிடச் சுருக்கமான மருந்து வேறில்லை.

உண்மையான இடையூறு வேறிடத்தில் இருக்கிறது. ஒரே பொருளுக்கு நாம் பல பெயர் இடுகிறோம். கணினி, கணிப்பொறி என்று இங்கே இரண்டு. இலங்கைத் தமிழர் சிலர் கணனி என்று எழுதுவர். ஒரு மென்பொருளில் கோப்புறை என்பது மற்றொன்றில் அடைவு. ஒரு திரையில் அழி என்று இருப்பது அடுத்த திரையில் நீக்கு என்று இருக்கிறது. வித்துவான்களுக்கு இது செல்வம். புதிதாகக் கற்பவனுக்கு இது காடு. சில மொழிபெயர்ப்புகள் ஆங்கிலச் சொல்லைத் தனியே பிடித்து மாற்றி வைத்தவையாதலால், தமிழ்த் திரையைத் திறந்தவன் திடுக்கிட்டு மீண்டும் ஆங்கிலத்துக்கே ஓடிவிடுகிறான். இந்தக் குறையை மறைப்பதால் பயனில்லை. பேசும் வாயும் உழைக்கும் கையும் ஒப்பும் சொற்களைத் தெரிந்தெடுத்து, எல்லோரும் அவற்றையே வழங்க வேண்டும்.

அடிப்படை வேலை ஆகவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1916-ம் வருஷத்திலேயே சேலத்தில் ராஜாஜியும் வெங்கட சுப்பையரும் சாஸ்திரச் சொற்களைத் தமிழில் வகுப்பதற்கென்று ஒரு சங்கம் கண்டார்கள். உலக எழுத்துக்களுக்கெல்லாம் எண் வகுத்த யூனிகோடு, 1991-ம் வருஷத்து முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தந்தது. 1999-ல் சென்னையில் கூடிய தமிழ் இணைய மகாநாட்டை ஒட்டித் தமிழ்99 என்ற விசைப்பலகை முறை தீர்மானமாயிற்று. முன்பு ஒவ்வோர் எழுத்துருவும் தனித்தனிக் குறியீட்டில் இருந்ததால், ஒரு கணினியில் எழுதிய தமிழ் மற்றொன்றில் புரியாத கிறுக்கலாகத் தோன்றும். அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்று கோப்புக்குத் தமிழிலேயே பெயரிடலாம். அந்தப் பெயரைத் தமிழிலேயே தேடிக் கண்டுபிடிக்கலாம். விண்டோஸும் லினக்ஸும் தமிழ் முகப்போடு கிடைக்கின்றன. கதவு திறந்திருக்கிறது, உள்ளே போவோர் குறைவு.

ஆகையால் பொதுஜன ஊழியர்களுக்கு நாம் சொல்வது இதுதான். ஒவ்வொரு சங்கமும், வாசகசாலையும், தொழிலாளர் காரியாலயமும் ஒரு பலகையில் இருபது சொற்களை எழுதிக் கணினிக்கு மேல் மாட்டட்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அதன் பொருளை ஒரு வரியில் எழுதட்டும். ஆங்கிலச் சொல்லின் ஓசையையும் தமிழ் எழுத்தில் பக்கத்தில் குறித்தால் கடைக்காரரோடு பேச உதவும். கோப்புகளுக்கு "புதிது", "கடைசி", "கடைசிக்குக் கடைசி" என்று பெயர் வைக்கும் அலங்கோலத்தை ஒழித்து, முதலில் வருஷம், பிறகு மாதம், பிறகு தேதி, அதன்பின் விஷயம் என்று பெயரிடட்டும். மாதத்தையும் தேதியையும் 03, 07 என்று இரண்டு இலக்கத்தில் எழுதினால் கணினியே அவற்றைக் கால வரிசையில் அடுக்கித் தரும். முக்கியமான கோப்புறைக்கு வேறொரு வட்டில் ஒரு பிரதியும், வேறொரு கட்டிடத்தில் ஒரு பிரதியும் இருக்கட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, கணினியைத் திறந்து ஜாபிதாவை எடுத்துக் காட்ட குறைந்தது மூன்று பேருக்காவது தெரிந்திருக்கட்டும். அந்த மூவரில் ஒருவர் காரியதரிசியாக இருக்கட்டும்.

வாலிபர்களைக் குறை சொல்லுவது நமது நோக்கமன்று. இன்று சங்கங்களின் பாரத்தைச் சுமப்பவர்கள் அவர்களே. ஆனால் ஒருவர் மட்டும் அறிந்த வித்தை, அவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அவரை மற்றவர்களுக்கு எஜமானராக்கிவிடும். கணக்கன் ஒருவனுக்கே ஏடு விளங்கிய காலத்தில் கிராமத்து ஜனங்கள் பட்ட பாடு நமக்குப் புதிதன்று. தமது நிலத்தின் எல்லையைத் தாமே படித்தறிய முடியாதவர்கள், கணக்கன் சொன்னதையே எல்லையாக ஏற்றுக்கொண்டார்கள். ஏடு போய்த் திரை வந்திருக்கிறது. அறியாமையும் கூடவே வர வேண்டுமென்று எந்த விதியும் இல்லை.

பத்து நாள் மாலை நேரத்தில், நாளைக்கு இரண்டு சொல் வீதம் கற்றால் இருபது சொல்லும் கைவந்துவிடும். ஜனங்களின் காரியத்தை நடத்த முன்வந்தவர்களுக்கு அந்தப் பத்து மாலைகள் அதிகமல்ல. தம் சங்கத்தின் ஏட்டைத் தாமே திறந்து படிப்பது அவர்களுடைய உரிமை, கடமையும் அதுவே.